ஜிஸ்லேன் அனுப்பிய மாத்திரை

என் வீட்டுக்காரருக்குத் தலைவலி ஆரம்பித்தது 2006ஆம் வருஷம் மே மாதக் கடைசியில். அதற்கு முன்னால் அவர் வாயால் தலைவலி என்று நான் கேட்டதே இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினாறு வருஷம் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். சொல்தா ஆந்த்ரே முருகையன் என்றால் நெல்லித்தோப்பில் தெரியாத ஆள் கிடையாது. பட்டாளம் அனுப்பிய ஜிபூத்திப் பாலைவன வெயிலில் நாள் முழுக்க நின்றேன் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமை பேசுகிற மனுஷர், காலையில் எழுந்து நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

வெயில் என்றோம். கண்ணாடியை மாற்றினோம். சைனஸ் என்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் அவரிடம் சொன்னதே பாதிதான். வில்லியனூர் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். வலி போகவில்லை.

ஜூலை பதினாலு வந்தது. பிரான்சின் தேசிய நாள். பழைய சொல்தாக்கள் எல்லாரும் மெடலைக் குத்திக்கொண்டு கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே வரிசையாக நிற்பார்கள். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? அதிகாலையிலேயே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுவிட்டார். அங்கே பிரெஞ்சுக் கொடி ஒன்று, இந்தியக் கொடி ஒன்று, இரண்டுதான் ஏற்றுவார்கள். இவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"நாலு கொடி பறக்குதுடி ஏலிஸ்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் பாலிஷ் போட்ட ஷூ மேலேயே வாந்தி எடுத்தார். நின்ற இடத்திலேயே மண்டி போட்டுவிட்டார். ஆட்டோவில் படுக்க வைத்து நேரே கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு முதுகுத்தண்டில் இருந்து நீர் எடுத்தார்கள். சாயங்காலம் துர்கா என்று ஒரு டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். முப்பது வயசுக்கு மேல் இருக்காது. பாகூர் பக்கம், விவசாயக் குடும்பத்துப் பெண். வார்டையும் பார்த்துக்கொண்டு, பரிசோதனைக் கூடத்தில் இந்த வியாதியைப் பற்றியே ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். மூளையைச் சுற்றியிருக்கும் நீரில் பூஞ்சை வளர்ந்திருக்கிறது என்று சொன்னார். ஊறுகாய் மேலே பூக்குமே, அந்த மாதிரியா என்று கேட்டேன். அதன் தூரத்துச் சொந்தம் என்றார்.

புறா எச்சத்தில் இருக்கும், காய்ந்து தூசியாகி மூச்சில் போகும் என்றார். எனக்கு அது போதும். கோயில் மணிக்கூண்டுப் புறா அத்தனையும் எங்கள் மொட்டை மாடியில்தான் குடித்தனம். மறுநாளே ஆள் வைத்து மாடியைக் கழுவி, வலை கட்டி, புறாக்களை விரட்டினேன். யாரையாவது விரட்டினால்தான் எனக்கு ஆறும்போல இருந்தது.

அவர் வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா, பிரஷர் சுகர் உண்டா என்று டாக்டரம்மா கேட்டபோது, ஒன்றும் இல்லை என்றேன். அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. மகள் அனுப்பியது எனக்கு மாத்திரைக் கணக்கிலேயே வரவில்லை.

ஏன் என்றால், எங்கள் மாதிரிக் குடும்பங்களில் அது ஒரு பழக்கம். வருஷா வருஷம் ஜூலையிலும் கிறிஸ்துமஸுக்கும் பாரிசில் இருந்து பிள்ளைகள் வருவார்கள். பெட்டியைத் திறந்தால் சோப்பு, சாக்லேட், கடுகு விழுது, அடியில் மாத்திரை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பிரெஞ்சு மாத்திரை இருக்கும். வயிற்றுக்கு என்றால் பக்கத்து வீட்டு யானிடம் கிடைக்கும், தூக்கத்துக்கு என்றால் எதிர்வீட்டு ஏமாவிடம். இங்கே டாக்டர் எழுதுவது மருந்து, அது வியாதிக்காரர்களுக்கு. பிரான்சில் இருந்து வருவது பிள்ளைகள் அனுப்பும் சாமான்.

எங்கள் மகள் ஜிஸ்லேன் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு உதவியாளராக வேலை செய்கிறாள். அவளுக்கு ஆஸ்துமா. பப்பாவுக்கு முழங்கால் வலி என்று கேட்டதில் இருந்து, தன் பேரில் டாக்டரிடம் சீட்டு வாங்கி, தான் சாப்பிட வேண்டியதைச் சாப்பிடாமல் மிச்சம் பிடித்து அனுப்பினாள். போனில், கார்திசோன்தான், காலையில் ஒன்று கொடு, பப்பா ஓடுவார் பார் என்று சிரித்தாள். நிஜமாகவே ஓடினார். ஒன்றரை வருஷம், ஒரு நாள் தவறாமல் நானே என் கையால் கொடுத்தேன். பசி எடுத்தது, கன்னம் உப்பியது, முகம் மினுமினுவென்று ஆனது. அறுபத்தெட்டு வயசில் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்று எல்லாரும் கேலி செய்தார்கள்.

ஆஸ்பத்திரியிலும் கொடுத்தேன். காலையில் பிளாஸ்கில் காப்பி கொண்டுபோய், கூடவே அந்த வெள்ளை மாத்திரை ஒன்று. பக்கத்துக் கட்டிலில் கோவிந்தசாமி என்று ஒருவர், வீராம்பட்டினத்துக்காரர். அவர் மனைவி அஞ்சலாட்சிக்கு வார்டில் நடப்பது எதுவும் தப்பாது.

"ஏன்க்கா, பிரான்சுக்காரருக்கு ஆஸ்பத்திரி மாத்திர பத்தலயா?"

"அது முழங்காலுக்கு."

"தலைக்குத்தான சேத்தீங்க. முழங்கால எப்பக்கா சேத்தீங்க?"

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

பூஞ்சைக்கு ஒரு மருந்து ஏற்றினார்கள். வெளிச்சம் படக்கூடாது என்று பாட்டிலைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றித் தொங்கவிடுவார்கள். அது உள்ளே போகப்போக மனுஷருக்குக் குளிர் எடுக்கும். கட்டில் கம்பி கடகடவென்று ஆடும். நானும் அஞ்சலாட்சியும் ஆளுக்கு ஒரு தோளை அழுத்திப் பிடித்துக்கொள்வோம். சிறுநீரகத்தைக் கெடுக்கிற மருந்துதான், ஆனால் இதை விட்டால் வேறு வழியில்லை என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்.

நடுவில் எய்ட்ஸ் பரிசோதனை எடுக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டார்கள். இந்த வியாதி எய்ட்ஸ் உள்ளவர்களுக்குத்தான் அதிகம் வருமாம். எனக்கு ஜிபூத்தி ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வலியோடு வலியாக அவரும் அதைக் கவனித்துவிட்டார்.

"நீ என்ன நெனைக்கறன்னு தெரியுது. அங்க தண்ணிக்கே வழியில்ல."

முடிவு வந்தது. அவருக்கு எதுவும் இல்லை. அன்றைக்கு அவர் காலைத் துடைத்துவிடும்போது அழுதேன், அவரிடம் காரணம் சொல்லவில்லை.

ஆனால் அந்த முடிவு வந்ததில் இருந்துதான் துர்கா டாக்டருக்குக் குழப்பம். பன்னிரண்டாம் நாள் என்னைத் தன் பரிசோதனைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். ஒரு சொட்டு நீரைக் கறுப்பு மையில் கலந்து கண்ணாடித் துண்டில் வைத்திருந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தேன். எங்கும் ஒரே கறுப்பு. அதில் உருண்டை உருண்டையாக, ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் தலைக்குள் இருந்து எடுத்தது என்று ஞாபகம் வந்ததும் கண்ணை எடுத்துவிட்டேன்.

"இது ஏன் சாவலன்னுதான் நான் நாலு வருசமா படிக்கறேன்" என்றார் டாக்டரம்மா. "பூசணத்துக்கெல்லாம் குளிர்ச்சிதான் ஒத்துக்கும். நம்ம உடம்புச் சூட்டுல முக்காவாசி செத்துப் போவும். இதோட மரபணுல ஒண்ணு, சூடு பட்டதும் முழிச்சிக்குது. அந்த ஒண்ண மட்டும் எடுத்துட்டு வளத்துப் பாத்தோம். வெளில ஜம்முனு வளருது. உடம்புச் சூட்டுல வச்சா மறுநாளே காலி."

அந்த வெள்ளை வளையம் என்ன என்று கேட்டேன். அது போர்வை என்றார். அதை நெய்வதற்கு வேறு சில மரபணு இருக்கிறதாம். கூடத்துத் தட்டில் வளர்க்கும்போது போர்வை மெல்லிசாக இருக்கும். உடம்புக்குள் போனதும் கனமாகப் போர்த்திக்கொள்ளும். நம் வெள்ளணு விழுங்க வந்தால் வழுக்கும். அப்படியே விழுங்கினாலும், அந்த வெள்ளணுவின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்து குட்டி போடும். இன்னொரு மரபணுவுக்குச் சாயம் காய்ச்சுகிற வேலை. மூளையில் சுரப்பதையே எடுத்துக் கறுப்புச் சாயம் செய்து மேலே பூசிக்கொள்ளும். நம் உடம்பு அதைக் கொல்ல விடுகிற விஷம் அந்தச் சாயத்தைத் தாண்டிப் போகாது. இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு உருண்டைக்குள்.

"இத்தன இருந்தும் நல்லா இருக்கற உடம்ப அதால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. புறாத் தூசிய இந்த ஊர்ல எல்லாரும்தான் இழுக்கறோம். உடம்போட காவல் படுத்துட்டாத்தான் அது ஏறி வரும். உங்க வீட்டுக்காரருக்கு எய்ட்ஸ் இல்ல, சுகர் இல்ல. அப்ப காவல யாரு படுக்க வச்சது?"

டாக்டரம்மா கேஸ் தாளைப் புரட்டினார்.

"ஸ்டீராய்டு எதுனா சாப்டாரா? கார்டிசோன்னு சொல்வாங்க. மூட்டுவலிக்கெல்லாம் சில பேரு குடுப்பாங்க. நல்லா யோசிச்சி சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? அப்போதுகூட என் கைப்பையில் அந்த அட்டை இருந்தது.

"இல்லம்மா" என்றேன்.

அதுதான் பொய். ஏன் சொன்னேன் என்றால், என் கண்ணுக்கு முன்னால் ஜிஸ்லேன் நின்றாள். எங்கள் வீட்டு ஆஸ்பத்திரித் தாள் எதுவும் ஆஸ்பத்திரியோடு நிற்காது. அவர் பிரெஞ்சுப் பிரஜை. வைத்தியச் செலவுக்கான தாளெல்லாம் பிரெஞ்சில் மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, பிரெஞ்சுத் தூதரக அலுவலகமான கொன்சுலா வழியாகப் பாரிசுக்குப் போகும். அங்கே இருப்பவர்கள் ஒரு வரி விடாமல் படிப்பார்கள் என்றுதான் எங்கள் எல்லாருடைய நினைப்பும். ஒரு தேதி தப்பாக இருந்ததற்காக எங்கள் தெருவில் மண்ணாங்கட்டி என்கிறவர் வீட்டுக் கல்யாணப் பதிவு இரண்டு வருஷம் நின்றது. அப்படியிருக்க, தன் பேரில் வாங்கிய மாத்திரையை வேறொருவருக்கு அனுப்பினாள் என்று தெரிந்தால் அவளை விடுவார்களா? அதுவும் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். வேலை போகும், கோர்ட்டுக்கு இழுப்பார்கள், இரண்டு பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்பாள். இத்தனையும் கண்ணாடித் துண்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அரை நிமிஷத்தில் எனக்குள் ஓடியது.

கெடுத்தது மாத்திரை என்றால் நிறுத்திவிட்டால் போயிற்று, யாருக்கும் தெரிய வேண்டாம். அப்படித்தான் நினைத்தேன். வார்டுக் கழிப்பறைக்குப் போய் அட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். வீட்டில் டப்பாவில் இருந்ததையும் அன்றே கொட்டிவிட்டேன். காவல் இனி எழுந்துகொள்ளும் என்று ஜெபமாலை சொன்னேன்.

மறுநாள் காப்பி மட்டும் கொடுத்தேன். அவர் உள்ளங்கையை நீட்டிக்கொண்டே இருந்தார். டாக்டர் நிறுத்தச் சொன்னார் என்றேன். அஞ்சலாட்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழங்கால் சரியாப் போச்சாக்கா?"

"தீந்துடுச்சி" என்றேன்.

அதற்கு மூன்றாம் நாள் மறுபடி முதுகில் நீர் எடுத்தார்கள். துர்கா டாக்டர் வேகமாக நடந்து வந்தார். பூஞ்சை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, மருந்து கேட்கிறது, இப்படியே போனால் பிழைத்துக்கொள்வார் என்றார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் செய்ததுதான் சரி என்று எனக்கு உறுதியாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்குச் சோர்வாக இருந்தது, சாப்பிடவில்லை, எழுந்து உட்கார முடியவில்லை. மருந்தின் கடுமை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அவருக்கு உடம்பெல்லாம் ஜில்லென்று வேர்த்தது. வாந்தி எடுத்தார். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்க்கிறார், என்னைத் தெரியவில்லை. நர்சு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு ஓடினாள். இரண்டு கையிலும் பாட்டில் ஏற்றினார்கள். ஏற்ற ஏற்ற அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. பூஞ்சையும் குறைந்திருக்கிறது, காய்ச்சலும் இல்லை, இது எதனால் என்று தெரியவில்லை என்று துர்கா டாக்டர் இன்னொரு டாக்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு என்னிடம் வந்தார்.

"அம்மா, நான் கேக்காத எதுனா இருக்கா? எதுவா இருந்தாலும் சரி."

அவர் கேட்ட மாதிரியைப் பார்த்தால் கோபப்படுகிறவராகத் தெரியவில்லை. சொல்லியிருக்கலாம். மகளைக் கேட்காமல் எப்படிச் சொல்வது என்றுதான் எனக்கு ஓடியது. ஒரு போன் செய்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, கேட்டுக்கு வெளியே இருந்த டெலிபோன் பூத்துக்குப் போனேன்.

அப்போது மணி பத்து. பாரிசில் ஆறரை. ஜிஸ்லேன் டியூட்டியில் ஏறும் நேரம். செல்போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு வார்டுக்கு ஓடினேன். அவர் அப்படியே இருந்தார். மறுபடி பூத்து. மறுபடி வார்டு. பூத்துக்காரர் எனக்கு நாற்காலி போட்டார். வெளியே திண்டிவனம் பஸ் வந்து நின்று, வியாதிக்காரர்களை இறக்கிவிட்டுப் போகிறது. நான் நம்பரை அழுத்துகிறேன். டாக்டரம்மா அவர் கட்டில் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். ஒவ்வொரு தடவை நான் உள்ளே போனபோதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

ஒன்றேமுக்கால் மணிக்கு ஜிஸ்லேன் எடுத்தாள். நான் முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை.

"நிறுத்திட்டியா? எத்தினி நாளாச்சி?"

"நாலு நாளு."

"அய்யோ அம்மா, அத சட்டுனு நிறுத்தவே கூடாது. உடம்பு தானா சுரக்கறத மறந்து போயிருக்கும். ஓடு. டாக்டர்கிட்ட சொல்லு. எம் பேரச் சொல்லு, எல்லாத்தையும் சொல்லு."

ஓடினேன். அறுபத்திரண்டு வயசில் அந்த வளாகத்தை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நர்சிடம் ஒரு ஊசியின் பேரைச் சொன்னார். அதே கார்திசோன், இந்தத் தடவை நரம்பு வழியாக. என் வீட்டுக்காரரைப் படுக்க வைத்ததும் அதுதான், இப்போது எழுப்ப வேண்டியதும் அதுதான்.

ஒரு மணி நேரத்தில் அழுத்தம் ஏறியது. சாயங்காலம் கண்ணைத் திறந்தார்.

"யாரு, ஏலிஸா?" என்றார். நான் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.

பார்வை போயிருந்தது. தலைக்குள் இருந்த அழுத்தத்தால் இருக்கலாம், ரத்தம் போகாமல் கிடந்த நேரத்தால் இருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஏற்கெனவே மருந்தால் நொந்திருந்த சிறுநீரகம் அந்த நாலு மணி நேரத்தைத் தாங்கவில்லை. மூன்று நாள் ஒரு சொட்டுச் சிறுநீர் வரவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம், அஞ்சலாட்சி எனக்காக வாங்கி வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, போய்விட்டார். பூஞ்சை அப்போது இன்னும் குறைந்திருந்ததாம். கடைசியாக எடுத்த நீரில் தேடித்தான் கண்டுபிடித்தார்களாம்.

தாள்களை வாங்கப் போனபோது, என் மகள் பேர் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். டாக்டரம்மா முதல் பக்கத்தில் இருந்து தேடிக் காட்டினார். ஒரே ஒரு வரி: ஒன்றரை வருஷம் ஸ்டீராய்டு, திடீரென்று நிறுத்தப்பட்டது. அவ்வளவுதான். யார் கொடுத்தார்கள், எங்கிருந்து வந்தது என்று எழுத அந்தத் தாளில் இடமே இல்லை. கொன்சுலாவிலும் அதை வாங்கி, முத்திரை குத்தி, அனுதாபம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஜிஸ்லேன் அடக்கத்துக்கு முதல் நாள் வந்து சேர்ந்தாள். உப்பளம் கல்லறையில் எல்லாம் முடிந்தது. பழைய சொல்தாக்கள் வந்து சல்யூட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து, வந்தவர்களெல்லாம் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு, அவள் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் செல்போன்.

"ஒம்பது தடவ போட்டிருக்க."

"ஆமா."

"மொதல் கால் ஆறரைக்கு. இங்க பத்து மணி."

"ஆமா."

"நான் எடுக்கறப்ப அங்க பத்தேகால், இங்க ஒண்ணேமுக்கால். அது வரைக்கும் டாக்டரு எங்கம்மா இருந்தாங்க?"

பப்பா கட்டில் பக்கத்திலேயேதான் இருந்தார்கள் என்றேன்.

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்காகவா?"

"உனக்காகத்தான்."

"நான் கேக்கலியேம்மா" என்றாள்.